நினைவு தவறிய மெமரி கார்டு



நாளை உங்கள் தலைமையாசிரியர் ஓய்வு பெறுகிறார். பிரிவு உபசார விழாவைப் படம் எடுக்கும் பொறுப்பு உங்களுடையது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் மாலை காமிராவை இயக்கிப் பார்க்கிறீர்கள். கார்டில் பிழை என்று திரையில் எழுத்துகள் தோன்றுகின்றன. சென்ற வாரக் கல்விச் சுற்றுலாவில் எடுத்த படங்களும் அதே கார்டில்தான் இருக்கின்றன. வேறு பிரதி இல்லை. ‘ஃபார்மட் செய்யலாமா?’ என்று காமிரா கேட்கிறது. என்ன செய்வீர்கள்?

அவசரப்பட்டு ‘ஆம்’ என்று அழுத்திவிடாதீர்கள். கார்டுக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் பழுதைக் கண்டுபிடிக்கும் வழியும் தானே புலப்படும்.

கார்டுக்குள் என்ன இருக்கிறது?

மெமரி கார்டில் இருப்பது ஃப்ளாஷ் நினைவகம். ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபூஜியோ மசுவோகா என்ற பொறியாளர் 1984-ல் இதை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். இன்று காமிராக்களில் பரவலாகப் பயன்படும் எஸ்.டி. கார்டு 1999-ல் அறிவிக்கப்பட்டது.

கார்டின் சிலிக்கான் சில்லில் கோடிக்கணக்கான நுண்ணறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையிலும் மின்காப்புப் படலத்தால் சூழப்பட்ட ஒரு சிறு தீவு உண்டு. உயர்ந்த மின்னழுத்தம் கொடுத்தால் எலெக்ட்ரான்கள் அப்படலத்தை ஊடுருவித் தீவில் சிறைப்படுகின்றன. மின்சாரத்தை நிறுத்தினாலும் அவை வெளியேறுவதில்லை. எலெக்ட்ரான்கள் இருக்கின்றனவா, இல்லையா என்பதே எழுத்தாகவும் படமாகவும் பதிவாகிறது. எழுதவும் அழிக்கவும் படலம் சிறிது சிறிதாகத் தேய்கிறது. ஆகவே கார்டுக்கும் ஆயுள் உண்டு.

இன்னொரு முக்கியமான பகுதி, அட்டவணை. நூலகத்தில் எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதைப் பதிவேடு சொல்கிறதல்லவா? அதுபோல, எந்தப் படம் எந்த அறைகளில் இருக்கிறது என்பதை இந்த அட்டவணை சொல்கிறது. பதிவேடு கிழிந்துபோனால் புத்தகங்கள் தொலைந்துவிடுமா? இல்லை, அவற்றைத் தேடுவதுதான் கடினமாகும். படம் பதிவாகும் வேளையில் கார்டை உருவினாலோ, பாட்டரி தீர்ந்துபோனாலோ அட்டவணை அரைகுறையாக எழுதப்பட்டு நின்றுவிடும். ‘கார்டு பிழை’ தோன்ற இது ஒரு முக்கியக் காரணம்.

சாதாரணமாக ஃபார்மட் செய்யும்போதும் பழைய அட்டவணை நீங்கிப் புதிய, வெறும் அட்டவணை எழுதப்படுகிறது. அதன் பிறகு எடுக்கும் படங்கள் பழைய படங்களின் இடத்தில் குடியேறிவிடும். அவற்றை மீட்கவே முடியாது. எனவே முதல் விதி: பழுதான கார்டில் ஒரு படம்கூடப் புதிதாக எடுக்காதீர்கள்.

செவ்வாயில் நேர்ந்த பழுது

இத்தகைய தொல்லை செவ்வாய்க் கிரகத்திலும் நேர்ந்திருக்கிறது! 2004 ஜனவரியில் அங்கு இறங்கிய ஸ்பிரிட் என்ற அமெரிக்க ஊர்தி, சில வாரங்களிலேயே ஒழுங்காகப் பேசுவதை நிறுத்திவிட்டது. அதன் கணிப்பொறி மீண்டும் மீண்டும் தானாகவே நின்று தொடங்கிக்கொண்டிருந்தது. ஃப்ளாஷ் நினைவகத்தைத் தொடாமல் இயங்கும்படி பூமியிலிருந்து பொறியாளர்கள் ஆணை அனுப்பினார்கள். ஊர்தி அமைதியாகிவிட்டது. குற்றம் எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிட்டதல்லவா?

நினைவகச் சில்லு கெடவில்லை. கோப்புகள் மிகுந்துவிட்டதால் அவற்றின் பட்டியலைக் கையாளக் கணிப்பொறிக்கு இடம் போதவில்லை. தேவையற்ற கோப்புகளை நீக்கி, பிப்ரவரியில் நினைவகத்தை ஃபார்மட் செய்தார்கள். 90 நாள் பணிக்கென்று அனுப்பப்பட்ட அந்த ஊர்தி, 2010 மார்ச் வரை பூமியுடன் பேசியது. முதலில் காரணத்தைக் கண்டறிதல், பிறகே ஃபார்மட் என்ற வரிசையைக் கவனியுங்கள்.

படிப்படியாகப் பார்ப்போம்

1. காமிராவை நிறுத்திவிட்டுக் கார்டை வெளியே எடுங்கள். பெரிய எஸ்.டி. கார்டின் பக்கவாட்டில் ஒரு சிறு பூட்டு இருக்கும். அது நகர்ந்திருந்தால் காமிரா எழுத மறுக்கும். அதைத் திறந்த நிலைக்குத் தள்ளுங்கள்.

2. பின்புறமுள்ள பொன்னிறத் தகடுகளைப் பாருங்கள். தூசியோ விரல் அழுக்கோ இருந்தால் உலர்ந்த மென்துணியால் துடைத்து, மறுபடி செருகிப் பாருங்கள். தண்ணீர் வேண்டாம், உப்புத்தாளும் கூடாது.

3. கார்டு காமிராவுக்குப் பொருத்தமானதா? எஸ்.டி.ஹெச்.சி. வகை 32 கிகாபைட் வரைதான். அந்த வகையை மட்டுமே அறிந்த பழைய காமிரா, 64 கிகாபைட் கார்டை ஏற்காமல் போகலாம். இது பழுதன்று, பொருத்தமின்மை.

4. இப்போது ஒரு சோதனை. உங்கள் கார்டைக் கணிப்பொறியில் செருகுங்கள்; நண்பரின் நல்ல கார்டை உங்கள் காமிராவில் செருகுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவதே சோதனையின் இலக்கணம்.

உங்கள் கார்டு கணிப்பொறியிலும் தகராறு செய்து, நண்பரின் கார்டு உங்கள் காமிராவில் வேலை செய்தால் குற்றம் கார்டில். உங்கள் கார்டு கணிப்பொறியில் நன்றாகத் திறந்து, நண்பரின் கார்டையும் காமிரா ஏற்காவிட்டால் குற்றம் காமிராவில். இரண்டுமே சரியாக இருந்தால் மூன்றாம் படியில் சொன்ன பொருத்தமின்மையோ, அட்டவணைக் கோளாறோ இருக்கலாம்.

5. கணிப்பொறியில் படங்கள் தெரிந்தால் உடனே அனைத்தையும் பிரதி எடுங்கள். அங்கும் ‘ஃபார்மட் செய்யலாமா?’ என்ற கேள்வி வந்தால் ‘இல்லை’ என்றே சொல்லுங்கள். படங்கள் தெரியாவிட்டால் கார்டைத் தனியே எடுத்து வையுங்கள். படங்களை மீட்கும் மென்பொருள்கள் உண்டு. ஆனால் அது நிதானமாகச் செய்யவேண்டிய வேலை. நாளைய விழாவுக்கு வேறு கார்டை இரவல் வாங்குங்கள்.

6. பிரதி எடுத்து, அவை திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே கார்டை ஃபார்மட் செய்யலாம். அதையும் காமிராவிலேயே செய்யுங்கள். தனக்கு ஏற்ற அட்டவணையைக் காமிராவே எழுதிக்கொள்ளும்.

7. ஃபார்மட் செய்த கார்டை நம்பலாமா? கார்டு நிறையும் அளவுக்குக் கோப்புகளைப் பதித்து, திரும்பப் படித்து, மூலத்தோடு ஒப்பிடுங்கள். போலிக் கார்டுகளும் இச்சோதனையில் அகப்பட்டுக்கொள்ளும். 8 கிகாபைட் மட்டுமே கொள்ளும் சில்லில் 64 என்று பொய் சொல்லும் கார்டுகள் உண்டு. அளவு மீறியதும் படங்கள் கெட்டுப்போகும்.

தேறினாலும், ஒருமுறை காரணம் தெரியாமல் பிழை காட்டிய கார்டை முக்கியமான நிகழ்ச்சிக்குக் கொண்டுபோகாதீர்கள். திரும்ப நடக்காத நிகழ்ச்சியாயின் இரண்டு கார்டுகளை எடுத்துச் சென்று, பாதிப் படங்களை ஒன்றிலும் மீதியை மற்றதிலும் எடுங்கள். ஒன்று கெட்டாலும் மற்றது கைகொடுக்கும்.

ஒரு கணக்கு

புதிய 64 கிகாபைட் கார்டைச் செருகினால் சில கணிப்பொறிகள் ஏறக்குறைய 59.6 என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? இல்லை. தயாரிப்பாளர்கள் ஒரு கிகாபைட்டை 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். அக்கணிப்பொறிகளோ 1024-ஐ மும்முறை பெருக்கி, 107,37,41,824 பைட் என்று கொள்கின்றன. அப்படியானால் 32 கிகாபைட் கார்டு எவ்வளவு காட்டும்? நீங்களே வகுத்துப் பாருங்கள். விடை 30-க்குச் சற்றுக் குறைவாக வந்தால் உங்கள் கணக்கு சரி.