கட்டளைக்கு ஒரு சாளரம்

கணிப்பொறியிடம் வேலை வாங்க இரு வழிகள் உண்டு. கருந்திரையில் கட்டளையைத் தட்டி வாங்குவது ஒன்று. சாளரத்தில் பொத்தானை அழுத்தி வாங்குவது மற்றொன்று. ஆற்றல் மிக்க கருவிகள் பல முதல் வழியிலேயே கிடைக்கின்றன. பொறியியல் மாணவர்க்கு அவை கைவந்தவை. இலக்கியமும் வரலாறும் பயிலும் நண்பர்க்கோ எட்டாக் கனி. அக்கனி தொங்கும் கிளையைத் தாழ்த்திக் கொடுப்பது எவ்வாறு என்று ஈண்டுக் காண்போம்.

டெசராக்ட் என்னும் எழுத்துணரியை எடுத்துக்கொள்வோம். எச்.பி. நிறுவனத்தில் 1985 முதல் 1994 வரை உருவாகி, 2005இல் மூலநிரலோடு வெளியிடப்பெற்றது இது. படமாக உள்ள பக்கத்தைப் படித்து எழுத்தாக்கித் தரும், தமிழும் அறியும். கருவியின் பெயர், படத்தின் பெயர், விடைக் கோப்பின் பெயர், மொழிக் குறியீடு ஆகியவற்றை ஒரே வரியில் எழுதினால் அதுவே கட்டளை. நம் சங்கத்து நண்பர் ஒருவர் வரலாற்று ஆய்வுக்காகப் பழைய தமிழ் இதழ்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்திருந்தார். அவர் பொருட்டுப் பைத்தான் மொழியில் ஒரு சிறு முகப்பு அமைத்தேன். அதில் நான் கைக்கொண்ட நெறிகள் இவை.

முதலாவது, கருவியை மீண்டும் எழுத வேண்டா. முகப்பு ஒரு தூதுவனே. கட்டளைச் சொற்களை அது கொண்டு செல்லும். கருவி திருப்பித் தருவன மூன்று: விடை ஓடை, பிழை ஓடை, முடிவெண். முடிவெண் பூச்சியமானால் வெற்றி. வேறானால் தோல்வி என்பது பொது மரபு.

இரண்டாவது, கட்டளைச் சொற்களைத் தனித்தனி உறுப்புகளாகப் பட்டியலிட்டே கருவியிடம் ஒப்படைக்க வேண்டும். ஒரே சரமாகக் கோத்து ஷெல்லிடம் கொடுத்தால், "பக்கம் 12" என்னும் கோப்புப் பெயர் இடைவெளியில் இரண்டாகப் பிளந்துவிடும். பெயரில் அரைப்புள்ளி இருந்தாலோ, லினக்ஸ் ஷெல் அதன் பின்னுள்ளதை வேறொரு கட்டளையாகவே கொள்ளும்.

மூன்றாவது, சாளரம் உறையலாகாது. டிகின்டர் ஓயாத ஒரு சுழற்சியில் இயங்குவது. பொத்தானை அழுத்தியதும் அச்சுழற்சிக்குள்ளேயே நீண்ட வேலையைத் தொடங்கினால், சாளரம் கல்லாய்ச் சமையும். வேலையைத் தனி இழையில் விடுக. அவ்விழை சாளரத்தை நேரே தொடாமல், செய்தியை ஒரு வரிசையில் இடட்டும். சாளரம் 100 மில்லி நொடிக்கு ஒருமுறை அவ்வரிசையைப் பார்த்துக்கொள்ளும்.

நான்காவது, ஓடைகளை இடைவிடாது வாசிக்க வேண்டும். லினக்ஸில் ஒரு குழாய் வழக்கமாக 64 கிலோபைட் கொள்ளும். அது நிரம்பினால் கருவி மேலும் எழுத இடமின்றி நிற்கும். முகப்போ கருவி முடியட்டும் என்று காத்திருக்கும். "முதலில் தாங்கள்" என்று மாறி மாறி உபசரித்து இரயிலைத் தவறவிட்ட லக்னோ நவாபுகளின் கதைதான்! வாசிக்கையில் யூடிஎஃப்-8 என்று நாமே குறிப்பிடுதலும் நன்று. இல்லையேல் சில கணிப்பொறிகளில் தமிழ் எழுத்து உருச்சிதைந்து வரும்.

ஐந்தாவதே தலையாயது: தோல்வியை மறைத்தலாகாது. 300 பக்கங்களில் 7 பக்கங்கள் படிக்கப்படாமற் போக, முகப்பு "முடிந்தது" என்று மட்டும் சொன்னால் என்ன ஆகும்? ஆய்வேட்டில் அந்த 7 பக்கங்கள் இல்லாமலே போகும். ஆய்வாளர் அதனை அறியவும் மாட்டார். கருந்திரையில் பிழைச் செய்தியாவது கண்ணிற் பட்டிருக்கும். அதனை விழுங்கும் முகப்பு, உதவி செய்யப் போய் ஊறு செய்கிறது. ஆதலின் தவறிய பக்கங்களைக் கருவி கூறிய காரணத்தோடு தனியே பட்டியலிட்டேன். முடிவெண் பூச்சியம் என்பதனாலேயே எழுத்தெல்லாம் சரி என்று பொருளன்று. மங்கிய பழைய அச்சில் புள்ளி எது, கறை எது என்று கருவி மயங்கும். எனவே படமும் எழுத்தும் அருகருகே தோன்றுமாறு வைத்தேன். ஒப்புநோக்கித் திருத்துவது மனிதன் கடன்.

ஆறாவது, வேண்டியதை மட்டும் காட்டுக. பக்க அமைப்பை உணர்வதற்கு டெசராக்டில் 0 முதல் 13 வரை 14 முறைகள் உள. "தானே அறிக", "ஒரே எழுத்துத் தொகுதி" என்ற இரண்டை மட்டும் பொத்தான்களாக்கினேன். எனினும், இயங்கும் கட்டளை முழுவதையும் சாளரத்தின் அடியில் அச்சிட்டுக் காட்டினேன். விரும்புவோர் அதைப் பார்த்தே கட்டளை மொழியையும் பழகலாம்.

நண்பர்களே, இதற்கு வேண்டுவது பெரும்புலமை அன்று. சில நாள் மாலைப்பொழுதே போதும். நும் விடுதியில் அடுத்த அறையில் வாழும் பிற துறை மாணவரிடம், எந்த வேலை அவர் நாள்களைத் தின்கிறது என்று கேளுங்கள். அதற்குரிய கருவி பெரும்பாலும் முன்பே இருக்கும். கதவு மட்டுமே இராது. அக்கதவை அமைப்பது நம்மால் இயலும்.