சினை மீனுக்கு ஹார்மோன்: குஞ்சுப் பொரிப்பகம் தொடங்குவோர் அறிய வேண்டியவை

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய பெருங்கெண்டைகள் குளத்தில் நன்கு வளரும்; சினையும் கொள்ளும். ஆயினும் தேங்கிய நீரில் அவை முட்டையிடுவதில்லை. பருவமழையால் பெருகும் ஆற்று வெள்ளமே அவற்றைத் தூண்டும். எனவே, முன்னாளில் மீன் குஞ்சுகளை ஆறுகளிலிருந்தே சேகரித்தனர். வேண்டாத இனங்களும் உடன் கலந்து வந்தன. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரியும் கே.எச். அலிக்குஞ்ஞியும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி வழியே செலுத்தி, கெண்டைகளை முட்டையிடச் செய்தனர். அந்நாளே இன்று தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

ஹார்மோன் செலுத்தும் முறைகள் இன்று மூன்று வகைப்படும்.

முதலாவது, பிட்யூட்டரிச் சாறு. முதிர்ந்த மீன்களின் தலையிலிருந்து எடுத்துப் பதப்படுத்திய சுரப்பியை அரைத்து வடித்து, முதுகுப் பகுதியின் தசையில் செலுத்துவர். பெண் மீனுக்குக் கிலோ எடைக்கு முதலில் 2 முதல் 3 மி.கி.; சுமார் 6 மணி நேரத்திற்குப் பின் 5 முதல் 8 மி.கி. ஆண் மீனுக்கு அவ்விரண்டாம் ஊசியின்போது 2 முதல் 3 மி.கி. போதுமானது. சுரப்பிக்குச் சுரப்பி வீரியம் மாறுபடுவதும், பெண் மீனை இருமுறை பிடிப்பதால் அது களைப்புறுவதும் இம்முறையின் குறைகள்.

இரண்டாவது, செயற்கை ஹார்மோன் கரைசல். இது மீனின் சொந்தப் பிட்யூட்டரியையே தூண்டுகிறது. அத்தூண்டலைத் தடுக்கும் டோபமைனின் செயலை, உடன் கலந்துள்ள டோம்பெரிடோன் விலக்குகிறது. பெண் கெண்டைக்குக் கிலோவுக்கு 0.3 முதல் 0.5 மி.லி. வரை ஒரே ஊசி போதும்.

மூன்றாவது, வில்லை. கொலஸ்ட்ரால் போன்ற பொருளுடன் ஹார்மோனைக் கலந்து அழுத்திய சிறு வில்லையைத் தசைக்குள் பதித்தால், மருந்து பல நாட்கள் சிறிது சிறிதாகக் கசியும். பால்மீன், கொடுவா போன்ற உவர்நீர் மீன்களை முதிரச் செய்ய இது பயன்படுகிறது. பருவத்தில் முதிர்ந்த கெண்டைக்கு ஊசியே போதுமானது.

எம்முறையாயினும், கெண்டை ஊசி இல்லாத சினையை உருவாக்காது. முதிர்ந்த சினைக்கு இறுதி உந்துதல் அளிப்பதே அதன் பணி. பெண் மீனின் வயிறு உருண்டு மென்மையாகவும், கழிவுத்துளை சிவந்தும் இருத்தல் வேண்டும். ஆண் மீனின் வயிற்றை மெல்ல அழுத்தினால் வெண்ணிற விந்து வெளிப்பட வேண்டும். இவ்வறிகுறிகள் இல்லாத மீனுக்கு ஊசியிட்டால், மருந்துச் செலவோடு அப்பருவத்தின் வருவாயும் வீணாகும்.

ஆகவே, கடன் கோரும் திட்ட அறிக்கையில் தொட்டிகளுக்கும் மருந்துக்கும் மட்டுமன்றி, சினை மீன்களைப் பல மாதங்கள் பேணும் குளத்திற்கும் தீவனத்திற்கும் உரிய தொகையைக் காட்டுங்கள். கெண்டைக் குஞ்சு விற்பனை பெரும்பாலும் மழைக்காலத்தை ஒட்டியே அமைவதால், தவணைகளையும் அதற்கேற்பக் கோருங்கள். மீன் வளர்ப்போரின் நடைமுறைச் செலவுகளுக்குக் கிசான் கடன் அட்டை வசதியும் உண்டு. சினை மீன்களின் எண்ணிக்கை, எடை, வயது ஆகிய விவரங்களுடன் கிளை அலுவலரை அணுகினால், திட்டத்தை மதிப்பிடுவது எளிதாகும்.