பழைய கார்வெட்டும் கோடு 44-உம்

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. செக் இன்ஜின் விளக்கு எரிந்ததும் கோடு எண்ணைப் பார்ப்பார்கள். அந்த எண்ணுக்கு எதிரே அட்டவணையில் எந்தப் பாகத்தின் பெயர் இருக்கிறதோ, அதை வாங்கி மாட்டுவார்கள். விளக்கு மறுபடி எரியும். அடுத்த பாகம் வாங்குவார்கள். என்னுடைய 1989 ஷெவர்லே கார்வெட் அப்படித்தான் என் கைக்கு வந்தது. ஆக்ஸிஜன் சென்சார் புதிது, மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் புதிது, கூடவே ஒரு கட்டு ரசீது. கோடு 44 மட்டும் போன பாடில்லை.

கார்வெட்டின் நான்காம் தலைமுறை 1984 முதல் 1996 வரை வந்தது. என் காரில் இருப்பது 5.7 லிட்டர் வி8, எல்98 இன்ஜின். எட்டு சிலிண்டருக்கும் தனித்தனி இன்ஜெக்டர். அமெரிக்காவில் எல்லாக் கார்களுக்கும் பொதுவான ஓபிடி-2 முறை கட்டாயமானது 1996 மாடலில்தான். அதனால் கடையில் கிடைக்கும் மலிவான ஸ்கேனரை இதில் செருகவே இடமில்லை. அதற்குப் பதிலாக டாஷ்போர்டுக்கு அடியில், ஓட்டுநர் பக்கம், 12 பின் உள்ள ஒரு கனெக்டர் இருக்கிறது. மேல் வரிசையின் வலது ஓரத்தில் ஏ, அதற்கு அடுத்தது பி. இரண்டையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் விளக்கு கண் சிமிட்டத் தொடங்கும். ஒரு சிமிட்டல், சிறு இடைவெளி, இரண்டு சிமிட்டல்: அது 12. மூன்று முறை 12 வந்த பிறகு, நினைவில் இருக்கும் கோடுகள் சிறிய எண்ணிலிருந்து வரிசையாக, ஒவ்வொன்றும் மூன்று முறை வரும்.

புதிதாகக் கார்வெட் வாங்கியவர்கள் 12-ஐப் பார்த்ததும் பதறிப்போவார்கள். டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து சிக்னல் வரவில்லை என்பதுதான் அதன் பொருள். இன்ஜின் ஓடாதபோது வரத்தான் செய்யாது. 12 வருகிறது என்றால் பரிசோதனை வேலை செய்கிறது என்று நிம்மதி கொள்ளலாம். அதுகூட வரவில்லையென்றால்தான் பல்பு, ஃபியூஸ், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்குப் போகும் மின்சாரம் என்று தேட வேண்டும். கிளிப்பை வேறு பின்களில் குத்திப் பார்க்கும் விளையாட்டு மட்டும் வேண்டாம். அதே கனெக்டரில் பெட்ரோல் பம்புக்கான பின்னும் இருக்கிறது.

கம்ப்யூட்டர் இன்ஜினைப் பார்ப்பதில்லை, அதற்குத் தெரிந்ததெல்லாம் வோல்டேஜ் மட்டுமே. ஒரு கம்பியில் வர வேண்டிய வோல்டேஜ் வரவில்லை, அல்லது வரக்கூடாத அளவில் நின்றுவிட்டது என்றால் அந்தக் கம்பியின் எண்ணை எழுதி வைக்கிறது. அந்தக் கம்பியின் ஒரு முனையில் சென்சார், மறுமுனையில் கம்ப்யூட்டர். நடுவே கனெக்டர், துரு, எலி கடித்த இடம், முன்னாள் உரிமையாளர் டேப் சுற்றிய ஒட்டு. பிழை இதில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். கோடு காட்டுவது தெருவை. வீட்டை நாம்தான் தேடிப் போக வேண்டும்.

கோடு 44-க்கு வருவோம். ஆக்ஸிஜன் சென்சாரின் வோல்டேஜ் வெகுநேரம் 0.2-க்குக் கீழேயே கிடந்தால் இது பதிவாகும். சென்சார் சரியாக இருந்தால், சூடேறிய இன்ஜினில் அந்த வோல்டேஜ் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே மேலும் கீழும் துள்ளிக்கொண்டே இருக்கும். கீழேயே கிடக்கிறது என்றால் எக்ஸாஸ்டில் ஆக்ஸிஜன் அதிகம். அதை வைத்து கம்ப்யூட்டர், ‘பெட்ரோல் போதவில்லை, கலவை லீன்’ என்று முடிவு கட்டுகிறது. முடிவு தவறாக இருக்கலாம், ஆனால் சென்சார் பொய் சொல்லவில்லை. அங்கே ஆக்ஸிஜன் உண்மையிலேயே இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

என் காரில் எட்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிப் பார்த்தேன். எட்டும் கரி பிடித்துக் கறுத்திருந்தன. பெட்ரோல் போதாத இன்ஜினில் பிளக் வெளுத்திருக்க வேண்டும். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். கோடு ஒன்று சொல்கிறது, பிளக் நேர் எதிராகச் சொல்கிறது. இப்படி இரண்டு சாட்சிகள் முரண்படும் இடத்தில்தான் விஷயம் இருக்கும், அதை விட்டுவிட்டு அட்டவணைக்குத் திரும்பக்கூடாது.

அடுத்து லேப்டாப்பை அந்த 12 பின் கனெக்டரில் இணைத்தேன். இதற்கென்று யுஎஸ்பி கேபிள் விற்கிறார்கள். கம்ப்யூட்டர் தனக்குள் வைத்திருக்கும் எண்களில் நான் முதலில் பார்ப்பது பிளாக் லேர்ன். 128 நடுநிலை. அதற்கு மேலே போனால் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டிருக்கிறது, கீழே போனால் குறைத்துக்கொண்டிருக்கிறது. என் காரில் அது 150-ஐத் தாண்டி நின்றது. இல்லாத பஞ்சத்துக்குக் கம்ப்யூட்டர் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறது, எட்டு பிளக்கும் கரியாகிவிட்டன. லேப்டாப் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. இன்ஜின் ஓடும்போது அதே ஏ, பி பின்களை இணைத்தால், சூடேறிய பிறகு விளக்கு மெதுவாகச் சிமிட்டும். பெரும்பாலும் அணைந்தே இருந்தால் சென்சார் லீன் என்கிறது, எரிந்தே இருந்தால் ரிச், அதாவது பெட்ரோல் அதிகம் என்கிறது.

பெட்ரோல் அழுத்தம் சரியாக இருந்தது. இந்த இன்ஜினில் ஏறக்குறைய 41 முதல் 47 பிஎஸ்ஐ வரை வர வேண்டும். ஃபியூல் ரெயிலிலேயே அளவெடுக்க வால்வு வைத்திருக்கிறார்கள். அப்படியானால் ஆக்ஸிஜன் வெளியிலிருந்துதான் வருகிறது. காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது ‘டிக் டிக்’ என்று மெலிதாகச் சத்தம் கேட்கும், சூடேறினால் நின்றுவிடும். வால்வ் லிஃப்டர் சத்தம் என்று பலர் விட்டுவிடுவார்கள். இன்ஜின் ஆறிய பிறகு, வாக்குவம் கிளீனரின் காற்று வெளிவரும் பக்கத்தை சைலன்சர் வாயில் பொருத்தி ஊதவிட்டு, சென்சாருக்கு முன்னால் இருக்கும் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தேன். மேனிஃபோல்டும் குழாயும் சேரும் இடத்தில் நுரை பொங்கியது. எக்ஸாஸ்ட் துடித்துத் துடித்துத்தான் போகும். ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவே அழுத்தம் தாழும்போது அந்த இடுக்கு வெளிக்காற்றை உறிஞ்சிக்கொள்கிறது. கேஸ்கெட்டை மாற்றினேன். துருப்பிடித்த போல்ட்டுகளை உடையாமல் கழற்றியதுதான் இதில் பெரிய வேலை. பிளாக் லேர்ன் 128-க்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது, 44 பிறகு வரவில்லை.

இதே 44 இன்னொரு காரில் வேறு காரணத்தால் வரும். பழைய பிளக் வயரில் ஒரு சிலிண்டர் எரியாமல் போனால், அதில் புகுந்த காற்று எரியாமலே எக்ஸாஸ்டுக்கு வந்துவிடும். சென்சார் அதையும் லீன் என்றுதான் படிக்கும். ஒஹாயோவில் இருக்கும் ஒரு தம்பி போன் செய்து, “அண்ணா, 44 வருது, ஆக்ஸிஜன் சென்சார் மாத்திடவா?” என்று கேட்டான். “மாத்தாதே, முதல்ல பிளக்கைக் கழட்டிப் பாரு” என்றேன். ஒரே ஒரு பிளக் மட்டும் பெட்ரோலில் நனைந்திருந்தது, அந்த வயர்தான் போயிருந்தது.

குளிர்காலம் முழுக்க கராஜில் கிடக்கும் காரில் வசந்தத்தில் அடிக்கடி தலைகாட்டுவது கோடு 15. கூலன்ட் சென்சாரின் வோல்டேஜ் மிக அதிகம், அதாவது இன்ஜின் உறைபனியில் கிடப்பதாகக் கம்ப்யூட்டர் நினைக்கிறது. டாஷ்போர்டில் வெப்பநிலை சரியாகக் காட்டுகிறதே என்று குழம்ப வேண்டாம். அதற்கு வேறு சென்சார். இன்டேக் மேனிஃபோல்டின் முன்பக்கம் இருக்கும் சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, கம்பிப் பக்கத்து இரண்டு முனையையும் ஜம்பர் போட்டு இணைத்து இன்ஜினை ஓட்டுங்கள். கோடு 15 போய் நேரெதிரான 14 வந்தால் கம்பியும் கம்ப்யூட்டரும் நலம், பிழை சென்சாரிலோ கனெக்டரிலோ இருக்கிறது. வராவிட்டால் சென்சாரைத் தொடாதீர்கள், கம்பியைத் தேடுங்கள். பிறகு ஓம் மீட்டர்: 20 டிகிரி செல்சியஸில் சுமார் 3,500 ஓம், 100 டிகிரியில் சுமார் 180 ஓம். இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை, பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

மாஸ் ஏர்ஃப்ளோவின் 33, 34, 36 கோடுகளைப் பற்றி ஒன்றே ஒன்று. அந்தச் சென்சார் விலை அதிகம், அதற்கு மின்சாரம் கொடுக்கும் இரண்டு ரிலேக்கள் மலிவு. ரிலேயிலிருந்து தொடங்குங்கள். பிறகு இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் சென்சாரை மெல்லத் தட்டுங்கள். இன்ஜின் தடுமாறினால் அது தன் கதையைச் சொல்லிவிட்டது.

எர்த் கம்பிகளை யாரும் மதிப்பதில்லை. கம்ப்யூட்டரின் எர்த் இன்ஜினின் பின்புறம் எண்ணெயும் அழுக்கும் படியும் இடத்தில் போல்ட்டில் மாட்டியிருக்கிறது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல கோடுகள் ஒன்றாக வந்தால் நான் முதலில் போவது அங்கேதான். இன்ஜின் ஓடும்போது அந்த எர்த்துக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கழற்றித் தேய்த்து மாட்டுங்கள். அளக்க டிஜிட்டல் மல்டிமீட்டர் வேண்டும். பல்பு வைத்த டெஸ்ட் லைட்டை சென்சார் கம்பிகளில் வைக்காதீர்கள், அது இழுக்கும் மின்சாரம் கம்ப்யூட்டரைக் கெடுத்துவிடலாம்.

கோடுகளை அழிக்கும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அழித்த பின் உடனே திரும்புவது நிரந்தரப் பிழை. மழையிலோ சூட்டிலோ மட்டும் திரும்புவது கனெக்டர் பிழை; அதற்கு இன்ஜினை ஓடவிட்டு வயரிங்கை அசைத்து அசைத்துப் பார்ப்பதைவிட நல்ல கருவி இல்லை. கராஜ் கதவு திறந்திருக்கட்டும். எக்ஸாஸ்ட் கசியும் காரில் இது இரட்டிப்பு அவசியம்.

பாகம் வாங்கும் முன் உங்கள் காரின் ஆண்டுக்குரிய சர்வீஸ் மேனுவலை வாங்குங்கள். 1989 காருக்கு 1990 மேனுவல் உதவாது. அந்த ஆண்டில் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரையே எடுத்துவிட்டு, மேனிஃபோல்டின் அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்கிடும் முறைக்கு மாறிவிட்டார்கள்.