இரவுப் பயணத்துக்கு எந்த விளக்கு?

கேள்வி: பழைய ஸ்ப்ளெண்டரில் தினமும் இரவு கிராமத்துச் சாலையில் வீடு திரும்புகிறேன். வெளிச்சம் போதவில்லை. குறைந்த செலவில் என்ன செய்யலாம்?
– வாசகர், செய்யாறு

பதில்: எல்.இ.டி. பல்பு வாங்க ஓடாதீர்கள். உங்கள் வண்டியின் ரிஃப்ளெக்டர் ஹாலஜன் பல்புக்காக வடிவமைக்கப்பட்டது. அதில் மலிவான எல்.இ.டி.யைச் செருகினால் ஒளி சிதறி, எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். உங்கள் சாலையோ இருட்டாகவே இருக்கும். 60/55 வாட் பல்பும் வேண்டாம், ஹோல்டர் உருகக்கூடும்.

முதலில் ஹெட்லைட் டூமைப் பாருங்கள். உள்ளே வெள்ளிப்பூச்சு மங்கியிருந்தால் மாற்றுங்கள். மற்ற எதைவிடவும் இதில்தான் பலன் அதிகம். பல்பு அதே 35/35 வாட், நல்ல கம்பெனியுடையதாக இருக்கட்டும். எர்த் வயர் முனையில் துரு இருந்தால் தேய்த்துவிடுங்கள். பழைய வண்டிகளில் ஹெட்லைட்டுக்கு மின்சாரம் நேராகக் காயிலிலிருந்து வருவதால், ஆக்ஸிலரேட்டரைக் குறைத்தால் மங்கத்தான் செய்யும்.

பிறகு, வண்டியில் நீங்கள் அமர்ந்தபடி சுவரில் ஒளியடித்து, லோ பீம் விளக்கின் உயரத்துக்குச் சற்றுக் கீழே விழும்படி சரிசெய்யுங்கள். இதற்குச் செலவே இல்லை.

பின்பக்கம் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரும் ஒட்டுங்கள். எதிரே வண்டி வந்தால் தயவுசெய்து டிம் செய்யுங்கள்.