தடவினால் தெரியும் நீலக் குப்பி

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெரு இருக்கிறது. மிகவும் பழைய கடைத்தெரு. திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் உருவானது. இங்கே தமிழ் பேசும் மக்கள் பலர் தொழில் செய்கிறார்கள்.

அதன் பக்கத்தில் ஒரு பழைய சாமான் கடை. ஊரில் அதை ஆக்கிரிக் கடை என்பார்கள். அங்கே ஒரு பெண் வேலை செய்கிறார். பாட்டில்களைத் தரம் பிரிப்பது அவர் வேலை. அவர் போன வருடம்தான் எழுதப் படிக்கக் கற்றார்.

ஒரு நாள் சாக்கு மூட்டையில் ஒரு குப்பி கிடைத்தது. நீல நிறம். ஆறு பக்கம். பக்கங்களில் வரி வரியாக மேடு. வீட்டில் எண்ணெய் ஊற்றி வைக்கலாம் என்று அதை எடுத்து வைத்தார்.

அப்போது ஒரு பெரியவர் வந்தார். ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய மருந்துக் குப்பிகளைச் சேகரிப்பவர்.

"அதுல எண்ணெய் ஊத்தாதீங்க அம்மா. அது விஷக் குப்பி."

"அதுல பேரே எழுதலையே! எப்படித் தெரியும் அண்ணாச்சி?"

"கண்ணை மூடிக்கிட்டுத் தடவிப் பாருங்க."

அவர் தடவினார். மேடுகள் விரலில் சொரசொரவென்று தட்டின.

"அதுதான் அடையாளம்" என்றார் பெரியவர்.

குப்பி சொல்லும் சேதி

அந்தக் காலத்தில் மின்விளக்கு இல்லை. இருட்டில் மருந்து என்று நினைத்து விஷத்தைக் குடித்தவர்கள் உண்டு. இங்கிலாந்தில் 1868-இல் ஒரு சட்டம் வந்தது. விஷத்தை விற்றால் அதன் பெயரையும் 'விஷம்' என்ற சொல்லையும் ஒட்ட வேண்டும் என்றது. ஆனால் ஒட்டிய தாள் கிழிந்து போகும். படிக்கத் தெரியாதவருக்கும் அது பயன்படாது. அதனால் விஷக் குப்பிகளை நீலம், பச்சை நிறங்களில் மேடு வைத்துச் செய்தார்கள். சிலவற்றில் 'உட்கொள்ளக் கூடாது' என்று ஆங்கிலத்தில் கண்ணாடியிலேயே எழுத்து இருக்கும்.

நம் ஊர் ஆஸ்பத்திரியிலும் ஒரு வழி இருந்தது. நோயாளி வீட்டிலிருந்து பாட்டில் கொண்டு போவார். கம்பவுண்டர் மிக்சர் ஊற்றுவார். பாட்டிலின் பக்கத்தில் வெட்டு வைத்த தாளை ஒட்டுவார். ஒரு வெட்டு வரை ஒரு வேளை மருந்து. எண் தெரியாதவருக்கும் அளவு தெரியும்.

குப்பியின் வயதையும் ஓரளவு அறியலாம். பக்கத்தில் ஓடும் அச்சுக் கோட்டைப் பாருங்கள். அது வாய்க்குக் கீழே நின்றால், வாயைக் கையால் செய்திருக்கலாம். வாய் வரை ஓடினால் இயந்திரம் செய்ததாக இருக்கலாம். அமெரிக்காவில் ஓவன்ஸ் என்பவர் முழுதும் தானாக ஓடும் பாட்டில் இயந்திரத்தை 1903-இல் உருவாக்கினார்.

"சேகரிப்பதிலும் கவனம் வேண்டும்" என்றார் பெரியவர். "உள்ளே மீதி இருந்தால் திறக்கக் கூடாது. முகர்ந்து பார்க்கக் கூடாது. சாக்கடையிலோ கிணற்றடியிலோ கொட்டக் கூடாது."

வீட்டில்

அன்று மாலை அந்தப் பெண் தன் வீட்டு அலமாரியைப் பார்த்தார். பகீர் என்றது. இரண்டு அரிஷ்டப் பாட்டில்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் அரிஷ்டம். மற்றதில் பினாயில். தெருவில் சில்லறையாக வாங்கி ஊற்றியது. மாமியார் தினமும் இரவில் அரிஷ்டம் குடிப்பார். அவருக்குப் படிக்கத் தெரியாது. கண்ணும் மங்கல்.

உடனே பினாயிலை வெளியே எடுத்தார். ஒரு தாளில் எழுதினார்: 'பினாயில். குடிக்கக் கூடாது.' அதை ஒட்டினார். பிறகு பாட்டிலைச் சுற்றிக் கயிற்றுக் கயிறாகத் தேங்காய் நார்க் கயிற்றைக் கட்டினார். மாமியாரைத் தடவிப் பார்க்கச் சொன்னார்.

"சொரசொரன்னு இருந்தா தொடக் கூடாது அத்தை."

பிறகு குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்துப் பூட்டினார். அடுத்த முறை பினாயிலை அதற்குரிய பாட்டிலிலேயே வாங்குவது என்று முடிவு செய்தார்.

நினைவில் வையுங்கள்

1. மருந்துப் பாட்டிலில் வேறு எதையும் ஊற்றாதீர்கள்.
2. 'வெளி உபயோகத்திற்கு மட்டும்' என்றால் குடிக்கக் கூடாது.
3. காலாவதித் தேதியைப் படியுங்கள்.
4. பூச்சிமருந்தில் நிற அடையாளம் உண்டு. சிவப்பு மிகக் கொடிய விஷம். அடுத்தது மஞ்சள். பிறகு நீலம், பச்சை. பச்சையும் விஷமே.
5. யாராவது பினாயிலோ மண்ணெண்ணெயோ குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாட்டிலோடு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பதில் சொல்லுங்கள்

விஷக் குப்பியில் மேடு வைத்தது ஏன்?
மாமியாருக்காக மருமகள் என்ன செய்தார்?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் பெயர் இல்லாத பாட்டில்கள் எத்தனை? எண்ணுங்கள். ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள். என்ன இருக்கிறது என்று தெரியாததைப் பயன்படுத்தாதீர்கள்.