ஆற்றின் ஒதுங்குநீரில் மீன்குஞ்சுக் கணக்கெடுப்பு

பெங்களூர் சிவாஜிநகரில் 1927-ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட ரஸ்ஸல் சந்தையின் மீன் கடைகளில் கட்லா, ரோகு, ஜிலேபிக் கெண்டை ஆகிய நன்னீர் மீன்களைக் காணலாம். இவற்றுள் ஒன்றேனும் காவிரிக்கு உரிய இனமன்று. முதலிரண்டும் வடக்கேயுள்ள ஆறுகளுக்குரியவை. ஜிலேபி ஆப்பிரிக்க இனம், 1952-இல் இந்தியாவிற்குக் கொணரப்பட்டது. நாட்டு மீன், வந்தேறி மீன் என்னும் வேறுபாட்டை மாணாக்கர்க்கு உணர்த்தச் சந்தை போதும். ஆயின் ஆற்றில் எவ்வினம் பெருகுகின்றது, எது அருகுகின்றது என்பதை அது கூறாது. சந்தைக்கு வருவன வளர்ந்த மீன்கள். அவற்றுட் பல குளங்களில் வளர்க்கப்பட்டவை.

வளர்ந்த மீனைக் கொண்டு ஆற்றை மதிப்பிடுதல் எத்துணை ஏமாற்றம் தரும் என்பதற்குக் காவிரியின் மாசீர் மீனே சான்று. கலிபோரே தூண்டில் முகாமில் 1998 முதல் 2012 வரை பிடித்து விடப்பட்ட ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாசீர்களின் குறிப்புகள் பின்னர் ஆராயப்பட்டன. மொத்தத்தில் மீன்வளம் செழிப்பதாகவே தோன்றிற்று. இனவாரியாகப் பிரித்தபோதோ வேறொன்று புலப்பட்டது. காவிரிக்கே உரிய திமில் மாசீர் ஆண்டுதோறும் குறைந்து வந்தது. பிடிபட்டவற்றின் சராசரி எடையோ ஏறிக்கொண்டே போயிற்று. முதிய மீன்கள் எஞ்சின, இளையவை வந்து சேரவில்லை என்பதே இதன் பொருள். 1970-களில் தொடங்கி இருப்புச் செய்யப்பட்ட நீலத்துடுப்பு மாசீர் எண்ணிக்கையில் மிகுந்தது. அதன் சராசரி எடை இறங்கிற்று. இவ்வினம் அயல்நாட்டினதன்று, தக்காணத்து மற்றோர் ஆற்றினது என்பது கருதத்தக்கது. நாட்டெல்லை வேறு, ஆற்றெல்லை வேறு. திமில் மாசீர் 2018-இல் மிகவும் அழிவாபத்துக்குள்ளான இனமாக அறிவிக்கப்பட்டது.

குஞ்சுகளைத் தேடியிருப்பின் இக்குறை முன்னரே தெரிந்திருக்கக்கூடும். பாறை அல்லது மணல்திட்டின் பின்னே ஓட்டம் தணிந்து நிற்கும் நீரே ஒதுங்குநீர். கடலோர உப்பங்கழியுடன் இதனை மயக்கலாகாது. வேகமான ஓட்டத்தை எதிர்க்க வலியற்ற குஞ்சுகள் இங்கே இரையும் வெப்பமும் பெற்று வளர்கின்றன. பருவமழை வெள்ளம் வடிந்த பின்னர்க் கணக்கெடுத்தல் நன்று.

சிறுகண் இழுவலையை ஒவ்வோரிடத்தும் ஒரே தொலைவுக்கு இழுத்தல் வேண்டும். நீரின் ஆழம், வெப்பநிலை, அடித்தரை, நேரம் ஆகியவற்றைக் குறித்து, ஒவ்வொரு குஞ்சின் நீளத்தையும் மில்லிமீட்டரில் அளந்து, ஈரக்கையால் எடுத்து விட்டுவிடுக. ஒன்றும் அகப்படாத இழுப்பும் ஏட்டில் ஏறவேண்டும். பல ஏடுகளில் விடுபடுவது இதுவே. சரணாலயப் பகுதியில் வனத்துறையின் இசைவு தேவை. அணைநீர் திறக்கும் வேளையை அறியாமல் ஆற்றில் இறங்குதல் உயிருக்கே தீங்கு.

இனங்காண்பதில் நிறத்தை மட்டும் நம்புதல் தகாது. ஜிலேபிக் குஞ்சின் முதுகுத்துடுப்பின் பிற்பகுதியில் கரும்பொட்டு உண்டு. தாய்மீன் முட்டைகளை வாயில் அடைகாப்பதால், சேற்றுத்தரை ஒதுங்குநீரிலும் இது பெருகும். மாசீருக்கோ முட்டையிடத் தெளிந்து ஓடும் நீரும் கூழாங்கல் தரையும் வேண்டும். மாசீர் குஞ்சுகளில் ஐயம் எழின் பக்கவாட்டில் படமெடுத்து வல்லுநர்க்கு அனுப்புக.

அளவுகளை நீள வகுப்புகளாக்கி, இனத்திற்கொன்றாக வரைபடம் இடுதல் பள்ளி மாணாக்கர்க்கும் இயலும். குறுகிய நீளங்கள் இடப்புறம் அமையும். அடுத்தடுத்த ஆண்டுகளில் ஓரினத்தின் இடப்புறம் வெறுமையாயிருப்பின், வலப்புறம் எத்துணைப் பெரிய மீன் இருப்பினும், அச்செய்தியை மீன்வளத்துறைக்கு அவ்வாண்டே தெரிவித்தல் வேண்டும்.