கன்னட நோட்டில் தமிழ் எழுத்து வேண்டாம்

பெங்களூரில் பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். கன்னடப் பாடத்தில் ஒவ்வொரு வரிக்கு மேலும் அதன் உச்சரிப்பைப் பென்சிலால் தமிழிலோ இங்கிலீஷிலோ எழுதிக்கொடுக்கும் டியூஷனுக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பிக்கொண்டிருந்தால் இந்த மாதத்தோடு நிறுத்துங்கள். எங்கள் வீட்டில் ஒரு முழுக் கல்வியாண்டைத் தின்றது அந்தப் பென்சில்தான்.

நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள். கணவருக்கு ஒயிட்ஃபீல்டில் வேலை, வீடு கே.ஆர்.புரம் பக்கம். காய்கறிக்காரரிடம் பேசும் அளவுக்கு எனக்குக் கன்னடம் வரும். ‘எஷ்டு’, ‘சாக்கு’, ‘ஸ்வல்ப கம்மி மாடி’ இவ்வளவுதான். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. உங்கள் வீட்டிலும் நிலைமை இதுவாகத்தான் இருக்கும். கர்நாடகத்தில் 2015ல் வந்த கன்னட மொழி கற்றல் சட்டப்படி, 2017-18 கல்வியாண்டில் 1ஆம் வகுப்பிலிருந்து தொடங்கி, சி.பி.எஸ்.இ. பள்ளியானாலும் கன்னடம் உண்டு. அந்தச் சட்டத்தோடு எனக்குச் சண்டை இல்லை. இந்த ஊரில் பிழைக்கிறோம், இந்த ஊர்ப் பேச்சைப் பிள்ளை படிக்கத்தான் வேண்டும். வீட்டில் கன்னடம் பேசும் பிள்ளைக்கும் பேசாத பிள்ளைக்கும் ஒரே ஒர்க்‌ஷீட்டைக் கொடுத்துவிட்டு, ‘வீட்டில் கவனியுங்கள்’ என்று டைரியில் எழுதி அனுப்புவதுதான் எனக்கு ஆகவில்லை.

நாங்கள் அனுப்பியது எங்கள் லேஅவுட்டிலேயே பேர்போன டியூஷன். எல்லாரும் சொன்னார்கள் என்று எங்கள் பையனைச் சேர்த்தோம். அங்கே பாடத்தின் ஒவ்வொரு சொல்லுக்கு மேலும் பொடி எழுத்தில் தமிழில் எழுதிவிடுவார்கள். பையன் வீட்டுக்கு வந்து கடகடவென்று வாசிப்பான். அத்தை, அவனுக்கு ஆச்சி, அவன் தலையைத் தடவி, ‘கன்னடக்காரப் பிள்ளை மாதிரில்லா படிக்கான்’ என்பார். அவன் கண் ஒருநாளும் கீழ்வரிக்குப் போகவே இல்லை என்பது யூனிட் டெஸ்ட் வந்தபிறகுதான் தெரிந்தது. உக்தலேகன என்று டீச்சர் வாய்விட்டுச் சொல்லிப் பிள்ளைகள் எழுதும் தேர்வு. நோட்டில் தேதியும் பெயரும் தவிர எதுவும் இல்லை. பேரன்ட்ஸ் மீட்டிங்கில், ‘ஒருமுறை ஸ்பெஷல் எஜுகேட்டரிடம் காட்டிப் பாருங்களேன்’ என்றார்கள். தமிழில் பக்கம் பக்கமாக வாசிக்கும் பிள்ளையை, எழுத்தே சொல்லிக்கொடுக்காமல் விட்டுவிட்டு, பிள்ளையிடம் குறை தேடினார்கள். அந்தச் சொல் இன்னும் எனக்கு ஆறவில்லை.

அந்தப் பென்சில் எழுத்து செய்த கெடுதல் இதுதான். நமக்கு ஒரே ‘க’. கன்னடத்தில் அந்த இடத்தில் நான்கு எழுத்து. ச, ட, த, ப எல்லாம் அப்படியே. மொத்தம் 49 எழுத்து. தமிழில் எழுதியவுடன் நான்கும் ஒன்றாகிவிடும். ‘தங்கம்’ என்பதில் வரும் க-வை முதலில் போட்டுக் ‘காளி’ என்றால் கன்னடத்தில் காற்று. நம் க-வைப் போட்டால் காளியம்மன். இரண்டுக்கும் மேலே ‘காளி’ என்றுதான் எழுதியிருந்தது. புத்தகப் பக்கத்துக்கு ஒரு ‘புட’, மரத்தின் அடிப்பாகத்துக்கு ஒரு ‘புட’. நோட்டில் இரண்டும் ஒன்று. பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டு வேறுபாடு கற்பான்? இதைக் கேட்டதற்கு டியூஷன் மேடம், ‘மார்க் வருகிறதா இல்லையா பாருங்கள்’ என்றார். மார்க்கும் வரவில்லை.

நிறுத்தினோம். ரப்பரை எடுத்துப் புத்தகம் முழுக்க அழித்தேன். அவன் அழுதான். அழட்டும் என்று விட்டேன். உங்கள் பிள்ளையும் அழும். விட்டுக்கொடுக்காதீர்கள்.

அதற்கப்புறம் எழுத்துப் பக்கமே கொஞ்ச காலம் போகவில்லை. சாயங்காலம் பால் குடித்ததும் ஆச்சி மடியில் சொல் விளையாட்டு. பழைய கன்னடத்தில் ‘ப’ என்று தொடங்கிய சொற்கள் பல பின்னால் ‘ஹ’ ஆகிவிட்டன. ஆகவே நம் ப-வை எடுத்துவிட்டு ஹ-வைப் போட்டால் பாதிக் கன்னடம் தானாக வந்து நிற்கும். அத்தைக்கு இது பிடித்துப்போயிற்று. ‘ஏலே, பாம்புக்கு அங்க என்ன சொல்லுதாவ?’ ‘ஹாவு, ஆச்சி.’ ‘பல்லுக்கு?’ ‘ஹல்லு.’ பால் ஹாலு, புலி ஹுலி, பத்து ஹத்து, பூ ஹூவு, பன்றி ஹந்தி, பசு ஹசு, பாகற்காய் ஹாகலகாயி. பூனையில் மாட்டிக்கொண்டோம், அது பெக்கு. புத்தகம் புஸ்தகவாகவே நிற்கிறது, பூஜை பூஜேயாகவே நிற்கிறது. வடமொழியிலிருந்து வந்தவை பெரும்பாலும் மாறுவதில்லை என்று சொல்லிவைத்தேன். இன்னொரு சாவியும் உண்டு. நம் ‘வ’ அங்கே ‘கம்பம்’ என்பதில் வரும் ப ஆகும். வாய், வில், வேர், வாழை, வெள்ளி எல்லாவற்றையும் மாற்றிப் பாருங்கள். பையனின் தமிழ் நன்றாக இருந்ததால்தான் இது முடிந்தது. ‘வீட்டில் இங்கிலீஷ் பேசுங்கள், பிள்ளை குழம்பாது’ என்று எனக்கு அறிவுரை சொன்ன உறவினர்கள் இதைப் படித்தால் நல்லது.

எழுத்தைத் தெருவில் படித்தோம். 2024ல் திருத்திய சட்டப்படி கடைப் பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும், அதுவும் மேற்பாதியில். ஆகவே பெங்களூர்த் தெரு ஒவ்வொன்றும் இப்போது வாசிப்புப் புத்தகம், காசும் இல்லை. முதலில் தெரிந்த பெயர்களில் தொடங்குங்கள். நந்தினி பால் பாக்கெட்டில் ‘ஹாலு’ என்ற இரண்டெழுத்தைக் கண்டுபிடித்த அன்று, காலிக் கவரைக் கழுவிக் காயவைத்து அலமாரியில் ஒட்டினான். ஞாயிற்றுக்கிழமைகளில் மெட்ரோ. பர்ப்பிள் லைனில் ‘முந்தின நில்தாண’, அதாவது அடுத்த நிலையம், என்ற அறிவிப்பு வந்ததும் இறங்கப்போகும் ஸ்டேஷன் பெயரைப் பலகையில் தேட வேண்டும். நாம் அல்சூர் என்கிற இடம் பலகையில் ‘ஹலசூரு’. பலாவுக்குக் கன்னடத்தில் ஹலசு. அங்கே பலாத் தோப்பு இருந்தது என்று சொல்வார்கள். அவனுக்குச் சாவி கையில் இருந்ததால் நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. மாரத்தஹள்ளியின் ஹள்ளி நம் திருச்சிராப்பள்ளியின் பள்ளி. ஊருக்குப் போகும்போது ஓசூரைத் தாண்டுகையில், ‘ஹொச ஊரு, புது ஊர்’ என்று பஸ்ஸில் கத்தினான்.

நான்கு க-வைப் பிரிக்க வழி எளிது. தொண்டையில் விரலை வைத்து ‘தங்கம்’ சொல்லச் சொல்லுங்கள், அதிர்வு தெரியும். ‘பஞ்சு’, ‘வண்டி’, ‘பந்து’, ‘கம்பம்’ இவற்றில் ச, ட, த, ப நான்கின் அதிரும் ஒலிகளும் இருக்கின்றன. அந்த ஒலிகளெல்லாம் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும், எழுத்துதான் புதிது. மூச்சுவிட்டுச் சொல்லும் மகாபிராண எழுத்துகளுக்கு, நியூஸ்பேப்பரில் ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து உதட்டுக்கு முன்னால் பிடிக்க வேண்டும். தாள் படபடத்தால் அது மகாபிராணம். கன்னடத்தில் மிளகாய்க் ‘கார’ அப்படித்தான் படபடக்கும்.

பலகை, சாக்பீஸ், நேரம் ஒதுக்குவது இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது. கதைக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். பெங்களூரிலுள்ள பிரதம் புக்ஸ் 2015ல் தொடங்கிய ஸ்டோரிவீவரில் ஒரே படக்கதை தமிழிலும் கன்னடத்திலும் இலவசமாகக் கிடைக்கும். முதலில் தமிழில் வாசித்துச் சிரித்துவிட்டு, மறுநாள் அதே படங்களைக் கன்னடத்தில் பார்க்கட்டும்.

இனி, ‘கிரியேட்டிவ் ஹோம்வொர்க்’. நவம்பர் 1 ராஜ்யோத்சவத்துக்குக் கர்நாடகம் பற்றி ஏதாவது செய்து வரச் சொல்லி ராத்திரி வாட்ஸ்அப்பில் வந்தது. குரூப்பில் தெர்மகோல் விதான சௌதாக்கள் அணிவகுத்தன. கடையில் செய்து வாங்கியவை, அப்பா ஆபீஸில் கலர் பிரிண்ட் எடுத்தவை. என் மகன் பழைய காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் ப-ஹ சொற்களை எழுதி, பாம்பும் புலியும் பல்லும் தானே வரைந்தான். பல்லைப் பார்த்தால் பல் மாதிரி இல்லை. நான் பேனாவைத் தொடவில்லை. வகுப்பில் அதைப் பின்சுவரில் மாட்டினார்கள். ஆனால் கன்னட மிஸ் நின்று முழுவதும் வாசித்துவிட்டு, கடைசியில் தன் கையால் ‘பொன் – ஹொன்னு’ என்று கன்னடத்தில் சேர்த்து எழுதினாராம். அந்தத் தாளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பள்ளியில் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். 1, 2ஆம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.கிருபாகரன் சி.பி.எஸ்.இ. பள்ளிகள் விஷயத்தில் உத்தரவிட்டார். அதே ஆண்டு மத்திய அரசும் மாநிலங்களுக்கு அதைச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. 2020ன் பள்ளிப் பை கொள்கைப்படி 3 முதல் 5ஆம் வகுப்பு வரை வாரத்துக்கு அதிகபட்சம் 2 மணி நேரம்தான். ஒரே இரவில் தெர்மகோல் மாளிகை கேட்கும் பள்ளியிடம் இதை எழுத்தில் கொடுங்கள். நான் கொடுத்தேன். குரூப்பில் சிலர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். வகுப்புக்கு அடுத்து வந்த ப்ராஜெக்டுக்குக் கால அவகாசம் கிடைத்தது.

இப்போது ஒத்தக்ஷரத்தில் இருக்கிறோம். ஓர் எழுத்தின் காலடியில் இன்னொன்று தொங்கும் அந்த வேலைதான் பிள்ளைகளை மிரட்டுகிறது. ம, த, ன, ல, ய, ர இவற்றின் ஒத்து தாயெழுத்தைப் போலவே இருக்காது. புத்தகத்தின் வரிசையில் போகாமல், வீட்டு மனிதர்களிடமிருந்து தொடங்குங்கள். அம்மா, அப்பா, அக்கா, அண்ணா, பாட்டிக்கு அஜ்ஜி, எல்லாவற்றிலும் தன் எழுத்துக்கே தன் ஒத்து வரும். அவை கைக்கு வந்தபிறகு வேறு எழுத்தின் ஒத்துகளுக்குப் போகலாம். அரையாண்டுத் தேர்வைக் காட்டிப் பள்ளி அவசரப்படுத்தும். ‘ஜனவரியில் எழுதுவான்’ என்று சொல்லிவிட்டு வாருங்கள்.